சுமாரண்ணன்

என் அண்ணனுக்கு எதுவுமே பிடிக்காது என்று யாராவது சொன்னால் எனக்கு மூக்கு மேல் கோபம் வரும். அவனுக்கு எல்லாம் பிடிக்கும். பிடித்திருக்கிறது என்று சொல்லத்தான் வாய் வராது. அவனிடம் இருந்த பெரிய பாராட்டு ‘கேக்கலாம்’. அதற்கு மேல் ஒரு வார்த்தை அவனிடம் கிடையாது. அதற்குக் கீழே ‘பரவாயில்லை’. அதற்கும் கீழே ‘சுமார்’. அதுவும் தேறாததுக்கு ‘ரொம்ப சுமார்’. நூறு விஷயத்தைக் காட்டினால் தொண்ணூறு அவனுக்குச் சுமார்தான். வேலை செய்த இடத்தில் எல்லோரும் அவனைச் ‘சுமாரண்ணன்’ என்றே கூப்பிட்டார்கள். அவன் போய் எட்டு மாசம் ஆகிறது. சொந்தப் பேரைச் சொல்லி விசாரித்து யாரும் வரவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாம் சுமாரண்ணன் வீடு எது என்றுதான் கேட்டுக்கொண்டு வந்தார்கள்.

அவன் வேலை பல்செட் செய்வது. திரைச்சீலை விற்கும் கடைக்கு மேலே, குறுகலான படியேறிப் போனால் நீளமாக ஒரு அறை. உள்ளே ஐந்து பேர். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அந்த அச்சில் சுண்ணாம்பு மாதிரி ஒரு மாவைக் கரைத்து ஊற்றிப் பிரதி எடுத்து, மெழுகு வைத்து, பல்லை வரிசையாக நட்டு, வேகவைத்து, கடைசியில் தேய்த்து மெருகேற்றி அனுப்ப வேண்டும். கடைசி மெருகு அண்ணனுடையது. காலால் மிதிக்கிற மோட்டாரில் துணிச்சக்கரம் சுற்றும், அதில் பல்செட்டைப் பிடித்துத் தேய்ப்பான். வேலை முடிந்து வரும்போது புருவமெல்லாம் வெள்ளைத் தூளாக இருக்கும். ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்து, “சுமாரு” என்று முனகிவிட்டு மறுபடி சக்கரத்தில் வைப்பான். அவன் கை பட்ட பல்செட் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்று அவன் முதலாளியே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

அவன் தலைக்கு மேலே பலகையில் ரேடியோ. மோட்டார் இரைச்சலில் கேட்க வேண்டுமே, அதனால் அலறவிட்டிருப்பார்கள். நல்லதாக ஏதாவது வந்தால் அண்ணன் மிதியிலிருந்து காலை எடுத்துவிடுவான். மோட்டார் நின்றுவிடும். மற்ற நாலு பேரும் தலை தூக்காமலே, “ஏதோ கேக்கலாம் போலிருக்கு” என்று சிரித்துக்கொள்வார்கள். பாட்டு முடிந்ததும் மோட்டார் கிளம்பும். அந்த அறையில் அது எல்லோருக்கும் பழகிப்போன சமிக்ஞை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதனால்தான் ஒரு அநியாயம் நடந்தது.

வீட்டில் அவனிடம் ரெக்கார்டுகள் நானூறுக்கு மேல் இருந்தன. மாசம் ஒன்று வாங்குவான், பழைய கடையிலோ யாராவது வீடு காலி பண்ணும்போதோ. கேட்டு முடித்ததும் உள்ளே இருக்கும் வெள்ளைக் காகித உறையில் பென்சிலால் அபிப்பிராயம் எழுதிவைப்பான். பொடி எழுத்து, பக்கத்தில் தேதி. ‘முதல் பாட்டு பரவாயில்லை. ரெண்டாவது சுமார், பாடறவர் பாதி கவனம் தன் மீசை மேலே வைத்திருக்கிறார்.’ ‘வயலின் கேக்கலாம். வயலினை மட்டும் கேக்கலாம்.’ ‘கச்சேரியில் பதிவு செய்தது. கை தட்டல் ரொம்ப சுமார், தட்டினவர்கள் பேரையும் அட்டையில் போட்டிருந்தால் ஆளைப் பிடித்திருக்கலாம்.’ ஒரு புல்லாங்குழல் ரெக்கார்டில், ‘ஏழாவது நிமிஷத்தில் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்கிறது. அது இல்லாவிட்டால் சுமார். இருப்பதால் கேக்கலாம்.’

பாட்டோடு நின்றால் பரவாயில்லை. விளையாட்டிலும் சினிமாவிலும்கூட அவனுக்கு அபிப்பிராயம் உண்டு. டிவியில் கால்பந்து போட்டுவிட்டுச் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிடுவான். இந்தப் பக்கம் ரெக்கார்டு ஓடும். கோல் போட்டவன் சட்டையைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டு ஓடினால் தலையில் அடித்துக்கொள்வான். “ஒரு பாட்டுக்காரன் நல்லா பாடிட்டுச் சட்டையைக் கழட்டினா ஒத்துப்பீங்களாடா?” என்பான். ஆட்டம் சமனாகி, கடைசியில் அணிக்கு ஐந்து உதை என்று வந்தால் டிவியை அணைத்துவிடுவான். “ரெண்டு மணி நேரம் பாடவிட்டுட்டு, சுருதிப் பெட்டியை யாரு நல்லா தூக்கறான்னு பாத்துப் பரிசு குடுக்கறாங்க.” பாட்டுப் போட்டியில் நடுவர்கள் கண்ணைத் துடைப்பதைக் கண்டால் அவனுக்கு உடம்பெல்லாம் எரியும். “அழறதுக்கு எதுக்கு மைக்கு?” குத்துச்சண்டையில் அந்த மணி மட்டும் நல்ல சுருதியாம். நெடுந்தூர ஓட்டம் ஒன்றுதான் அவன் ‘கேக்கலாம்’ என்று சொன்ன விளையாட்டு. பார்க்கலாம் இல்லை, கேக்கலாம். முன்னால் ஓடுகிற நாலு பேர் காலடியில் தாளம் இருக்கிறதாம். சினிமாவைப் பற்றிக் கேட்டால், “இடைவேளை வரைக்கும் சுமார். அப்புறம் தெரியாது, தூங்கிட்டேன்” என்பான். எல்லாப் படத்துக்கும் இதே பதில்தான்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். இருபத்தெட்டு வருஷமாகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, ஒரு காலை பிரேக் மேல் வைத்துக்கொண்டு, தெரியாதவர்களிடம் கத்துவது என் பிழைப்பு. அதற்கு முன்னால் நான் பாடினேன். ஆறு பேர் சேர்ந்து ஒரு மெல்லிசைக் குழு வைத்திருந்தோம். கல்யாணம், கல்லூரி விழா என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போவோம். எனக்கு இருபத்திநாலு வயசு. என் குரல் மேல் எனக்கு அப்படி ஒரு மயக்கம். குளிக்கும்போது பாடினால் தெருவே நின்று கேட்கிறது என்று நினைத்துக்கொள்வேன். எங்கள் கிட்டார்காரன் எழுதி மெட்டுப்போட்ட பாட்டை நான் பாடி, ஒரு சின்ன ரெக்கார்டு போட்டோம். நூறு பிரதி. முதல் பிரதியை எடுத்துக்கொண்டு நேரே அண்ணன் வீட்டுக்கு ஓடினேன்.

அன்றைக்கு அவன் ரெக்கார்டை வாங்கின விதம் இப்போதும் கண்ணிலேயே நிற்கிறது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து வாங்கினான். முள்ளைத் துடைத்தான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு வேண்டியது ஒரு வார்த்தை. ‘கேக்கலாம்’ என்று சொல்லிவிட்டால் போதும், அதற்கப்புறம் ஊரே காறித் துப்பினாலும் கவலையில்லை. பாட்டு முடிந்தது. ரெக்கார்டை எடுத்துத் துடைத்து, உறையில் போட்டு, அலமாரியில் செருகினான். திரும்பி என்னைப் பார்த்து, “டீ குடிக்கிறியா?” என்றான்.

அவ்வளவுதான். முப்பத்தொரு வருஷம் அதைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. ஊர் பேர் தெரியாதவன் வாசித்த மோர்சிங்குக்கெல்லாம் அரைப் பக்கம் எழுதுகிறவன், கூடப் பிறந்த தம்பி பாடினதுக்கு ஒரு ‘ரொம்ப சுமார்’கூடக் கொடுக்கவில்லை. மறுவருஷம் எங்கள் குழு கலைந்தது. நானும் பாடுவதை விட்டேன். மிச்சமிருந்த பிரதிகளைக் கோபத்தில் யார் யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டேன், எனக்கென்று ஒன்றுகூட வைத்துக்கொள்ளவில்லை. அண்ணன் வாயைத் திறந்திருந்தால் நான் இன்றைக்கு எங்கேயோ இருந்திருப்பேன் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒரு தடவை அவன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, வந்திருந்த விருந்தாளி ஒருவர் என்னைப் பாடச் சொன்னார். “இந்த வீட்டுல பாட மாட்டேங்க. இங்க ஜட்ஜு இருக்காரு, தீர்ப்புத்தான் வராது” என்றேன், எல்லோர் முன்னாலும். அண்ணன் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான். அண்ணிக்கு முகம் சுண்டிப்போனது.

நேரே கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பான், பொய் சொல்ல அவனுக்கு வராது. அதனால்தான் நான் கேட்கவில்லை.

போன வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு அது நடந்தது. அண்ணன் யாருக்கோ மேல்வரிசைப் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தான். மோட்டார் நின்றது. ஏதோ நல்ல பாட்டு போலிருக்கிறது என்று மற்ற நாலு பேரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வழக்கம்போலச் சிரித்துக்கொண்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள். கால்மணி நேரம் போயிருக்கும். மெழுகு வைக்கிறவருக்குத்தான் முதலில் உறைத்தது, ரேடியோவில் ஓடிக்கொண்டிருந்தது பாட்டே இல்லை, வானிலை அறிக்கை. எழுந்து போய்ப் பார்த்தால் அண்ணன் மேஜை மேல் சாய்ந்திருக்கிறான். வலது கால் மிதியிலிருந்து சரிந்து தரையில் கிடக்கிறது. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. அந்த மெழுகுக்காரர் இன்றைக்கும் என்னைப் பார்த்தால் அழுகிறார். அவரை என்ன சொல்வது? முப்பது வருஷம் அந்த அறையில் மோட்டார் நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் கண்ணை நன்றாகத் திறந்தான். வலது பக்கம் கை கால் வரவில்லை. நர்ஸ் குனிந்து, “உங்க பேரு என்னங்க, சொல்லுங்க பாப்போம்” என்றாள்.

“சுமார்” என்றான் அண்ணன்.

அந்தப் பெண் கையிலிருந்த காகிதத்தைப் புரட்டிப் பார்த்தாள். அண்ணி களுக்கென்று சிரித்துவிட்டாள். “எங்க இருக்கீங்க தெரியுதா?” “சுமார்.” “இவங்க யாரு?” அண்ணியைக் காட்டிக் கேட்டாள். அண்ணன் அண்ணியைப் பார்த்தான். வாயைத் திறந்து, நாக்கைப் புரட்டி, எங்கிருந்தோ எதையோ இழுத்து வருவதுபோல முக்கினான். “சுமார்.” அப்போதுதான் அண்ணியின் சிரிப்பு நின்றது.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் எங்களை வெளியே அழைத்துப் போய்ச் சொன்னாள். மூளையில் பேச்சு இருக்கிற இடத்தில் அடி. சிலருக்கு இப்படி ஒரே ஒரு வார்த்தை மட்டும் தங்கிவிடுமாம். “நாம பேசறது அவருக்கு நல்லாவே புரியுது. அவர் நினைக்கிறது வேற, வாயில வர்றது இது ஒண்ணுதான். தும்மல் மாதிரி தானா வரும், அவரால அடக்க முடியாது.”

“அது ஏம்மா இந்த வார்த்தை?” என்று கேட்டேன்.

“அடிக்கடி சொன்ன வார்த்தையா இருக்கும் சார்.”

ஊருக்கெல்லாம் வாய்க்கு வேண்டியதைச் செய்துகொடுத்தவன் வாயில் கடைசியில் மிஞ்சியது இவ்வளவுதான். எழுதவும் வராமல் போய்விட்டது. இடது கையில் பென்சிலைக் கொடுத்தால் கோடு இழுப்பான். சரி, தலையையாவது ஆட்டச் சொல்லலாம் என்றால், ஆமாம் என்பதற்கு இல்லை என்று ஆட்டிவிட்டுத் தானே விழிப்பான். தண்ணீர் வேண்டுமென்றால் சுமார். வேண்டாமென்றாலும் சுமார். அண்ணி மட்டும் எப்படியோ அதைப் பிரித்துப் படித்தாள். “இழுத்துச் சொன்னா முதுகு வலிக்குது தம்பி. வெடுக்குனு சொன்னா ஃபேனைக் கொறைக்கணும். மெதுவாச் சொன்னா ஒண்ணுமில்ல, சும்மா கூப்பிடறாரு.”

ஒரு நாள் மெழுகுக்காரர் தன் பேத்தியைத் தூக்கிக்கொண்டு வந்தார், மூன்று மாசக் குழந்தை. “அண்ணே, எப்படி இருக்கா என் பேத்தி?” என்று முகத்துக்கு நேரே நீட்டினார். “சுமார்” என்றான் அண்ணன். எல்லோரும் சிரித்தோம், மெழுகுக்காரரும்தான். அண்ணன் சிரிக்கவில்லை. இடது கையால் தன் வாயிலேயே ஓங்கி அடித்துக்கொண்டான். இன்னொரு தடவை அடிப்பதற்குள் அண்ணி கையைப் பிடித்துவிட்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது, அந்த வார்த்தை ஒவ்வொரு தடவை வெளியே வரும்போதும் அவனுக்கு எப்படிக் கூசுகிறது என்று.

அண்ணிக்கு மருந்துக் கடையில் வேலை, ஞாயிற்றுக்கிழமையும் போக வேண்டும். அதனால் ஞாயிறு என் முறையானது. காலையில் வந்து அவனை ஜன்னலோரம் நாற்காலியில் உட்காரவைத்து, வலது கைக்குத் தலையணை கொடுத்து, டிவியில் கால்பந்தைச் சத்தமில்லாமல் போட்டுவிட்டு, ரெக்கார்டை ஓடவிடுவேன். நான் டீ போட்டுக் கொடுப்பேன். என் டீ அந்தக் காலத்திலேயே அவனிடம் ‘ரொம்ப சுமார்’ வாங்கினது. ரெக்கார்டு முடிந்ததும் உறையில் எழுதியிருப்பதைச் சத்தமாகப் படிப்பேன். ‘வீணை பரவாயில்லை. பக்கத்தில் இருமுகிறவரை வெளியே அனுப்பியிருக்கலாம்.’ அண்ணன் ஒருபக்க வாயால் சிரிப்பான். “சுமார்” என்பான். முப்பத்தொரு வருஷம் அவனோடு பல்லைக் கடித்துக்கொண்டு பழகினவன் நான். சும்மா சொல்லக் கூடாது, அந்த ஞாயிற்றுக்கிழமைகளில்தான் எனக்கு அண்ணன் திரும்பக் கிடைத்தான்.

அப்படி ஒரு ஞாயிறு அலமாரியின் கீழ்த்தட்டைக் குடைந்தபோது என் ரெக்கார்டு கையில் வந்தது. அட்டை மங்கிப்போயிருந்தது. அண்ணனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து உறையை உருவிப் பார்த்தேன். எழுத்து ஒன்றுமில்லை. ஆனால் மற்ற உறைகளில் அவன் எழுதுகிற அதே இடத்தில், மேல் மூலையில், காகிதம் பஞ்சு பஞ்சாகத் தேய்ந்திருந்தது. எழுதி, ரப்பரால் அழித்து, மறுபடி எழுதி, மறுபடி அழித்த இடம். வெளிச்சத்தில் பிடித்தால் என் விரல் மறுபக்கம் தெரிந்தது. என்ன எழுதியிருந்தான் என்று ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை.

சாயங்காலம் அண்ணி வந்ததும் சமையலறை வாசலில் நிறுத்திக் கேட்டேன்.

“வருஷத்துக்கு ஒரு தடவை, ரெண்டு தடவை எடுத்துப் போடுவாரு தம்பி. நான் கடைக்குப் போயிருக்கறப்பதான். வந்து பாத்தா மேஜை மேல ரப்பர் தூள் கெடக்கும்.”

“என்ன அண்ணி எழுதுவான்?”

“நான் பாத்ததில்ல. ஒரு தடவை கேட்டுட்டேன், என்னதான் எழுதுறீங்க உங்க தம்பி பாட்டுக்குன்னு. ‘இன்னும் கேட்டு முடிக்கல’ன்னாரு.”

மூன்று நிமிஷப் பாட்டு. முப்பத்தொரு வருஷமாகக் கேட்டு முடிக்கவில்லையாம். அந்த வாரம் முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கியரை மாற்றாமல் மேடேற்றப் பார்த்த ஒரு பெண்ணைக்கூட நான் திட்டவில்லை. ஒரு பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கிறான் என்றால், எழுதின வார்த்தை போதாமல் அழித்து அழித்து எழுதுகிறான் என்றால் அதற்கு என்ன அர்த்தம்? ‘கேக்கலாம்’தான். ஒருவேளை அதற்கும் மேலே ஏதோ. வார்த்தை கிடைக்காமல் தவித்திருக்கிறான். அவனால் இனிமேல் சொல்ல முடியாது, ஆனால் முகத்தில் தெரிந்துவிடும். ரெக்கார்டைப் போட்டுவிட்டு முகத்தைப் பார்த்தால் போதும். ஐம்பத்தைந்து வயசுக் கிழவன், பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பையன் மாதிரி அடுத்த ஞாயிறுக்காக நாளை எண்ணினேன்.

ஞாயிறு வந்தது. வழக்கம்போல அவனை உட்காரவைத்தேன். டிவியில் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. அலமாரியிலிருந்து அதை எடுத்து, அவன் கண்ணுக்கு முன்னால் பிடித்து, “அண்ணே, இதைக் கேப்பமா?” என்றேன்.

அட்டையைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது. இடது கையை நீட்டினான், விரல்கள் ஆடின. ஆசையாகக் கேட்கிறான் என்று நினைத்தேன். நான் ஒரு முட்டாள், வேண்டாம் என்று சொல்கிறான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. முள்ளை வைத்தேன்.

கொஞ்சம் கரகரப்பு, அப்புறம் கிட்டார், அப்புறம் என் குரல்.

அதை நான் கடைசியாகக் கேட்டு முப்பத்தொரு வருஷம். என் தலைக்குள் அந்தக் குரல் வருஷா வருஷம் வளர்ந்துகொண்டே வந்திருக்கிறது. அது மண்டபம் நிறைக்கிற குரல், அதை ஒருத்தன் மௌனத்தால் கொன்றுபோட்டான், அப்படித்தான் நான் இத்தனை காலமும் நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது பெட்டியிலிருந்து வந்தது ஒரு பொடிப் பையனின் சன்னமான குரல். தன்னைத் தானே ரசித்துக்கொண்டு பாடுகிறான். மூன்றாவது அடியில் ‘வருவாயா’ என்று ஒரு சொல், அந்த ‘யா’ மேலே போய் நிற்க வேண்டும். போகவில்லை. முக்கால் தூரம் ஏறி, மிச்சத்தை ஒரு குழைவு குழைத்து மறைத்துவிட்டு அடுத்த அடிக்குத் தாவுகிறான். மோசம் என்றும் சொல்ல முடியாது. மோசமாக இருந்திருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பேன். எத்தனையோ கல்யாணங்களில் எத்தனையோ பேர் இப்படிப் பாடுகிறார்கள். நானும் அண்ணனோடு ஒரே வீட்டில் வளர்ந்தவன், அவன் காதில் பாதியாவது எனக்கும் இருக்கிறது. இதற்கு என்ன வார்த்தை என்று எனக்கு நன்றாகவே தெரிந்தது.

அண்ணன் பக்கம் திரும்பினேன்.

அவன் இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தான். லேசாக இல்லை. விரல்கள் கன்னத்தில் பதிய, முட்டியெல்லாம் வெளுக்க அழுத்திக்கொண்டிருந்தான். மூக்கு விடைத்து விடைத்து மூச்சு வாங்கியது. உள்ளங்கைக்குப் பின்னால் எதுவோ முட்டியது, தோள் குலுங்கியது. வாந்தி வருகிறதோ என்று நான் பாத்திரத்தை எடுக்க ஓடினேன். பாதி வழியில் புரிந்துவிட்டது. அந்த வார்த்தை வருகிறது. அவனால் அடக்க முடியாது என்று அந்தப் பெண் சொன்ன வார்த்தை. என் பாட்டு ஓடும்போது அது வெளியே வந்துவிடக் கூடாது என்று கையால் அடைத்துப் பிடித்திருக்கிறான்.

பாட்டு முடிந்தது. முள் கடைசி வரியில் டக், டக் என்று சுற்றிக்கொண்டிருந்தது. டிவியில் எவனோ கோல் போட்டுச் சட்டையைக் கழற்றிக்கொண்டு ஓடினான். அண்ணன் கையை எடுக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தான், இரண்டு கண்ணிலும் தண்ணீர் முட்டி நின்றது.

“கையை எடுண்ணே” என்றேன். எடுக்கவில்லை. இன்னும் அழுத்தினான்.

அன்றைக்கு அவன் ‘டீ குடிக்கிறியா’ என்று கேட்டது எதற்கு என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. பொய் சொல்லத் தெரியாதவன் உண்மையை வாய்க்குள்ளேயே பிடித்துவைத்திருக்கிறான், முப்பத்தொரு வருஷம். ‘பரவாயில்லை’ என்று எழுதிவிடலாம் என்று ஒவ்வொரு வருஷமும் உட்கார்ந்திருப்பான். கேட்டுப் பார்த்தால் எழுத மனசு ஒப்பாது. அழிப்பான். அடுத்த வருஷமாவது அந்த ‘யா’ மேலே போகாதா என்று மறுபடி போட்டுக் கேட்டிருப்பான். நான் ஊரெல்லாம் அவனைத் தூற்றிக்கொண்டு திரிந்தபோதும், அவன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலேயே அவனைக் கேவலப்படுத்தினபோதும், ஒரு வார்த்தை சொல்லி என் வாயை அடைத்திருக்கலாம். சொல்லவில்லை. இன்றைக்கு உடம்பில் பாதி செத்தும், மிச்சமிருக்கிற ஒரு கையை அதற்குத்தான் செலவு பண்ணுகிறான்.

“சுமார்தாண்ணே, விடு” என்று சொல்லிவிட நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் அவன் இத்தனை வருஷம் பட்ட பாடெல்லாம் வீணாகியிருக்கும். விழுங்கிவிட்டேன். அவன் காலைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலிருந்தது. அதையும் செய்யவில்லை. எழுந்து போய் முள்ளைத் தூக்கினேன். ரெக்கார்டைத் துடைத்து, அந்தத் தேய்ந்த உறையில் போட்டு, அலமாரியில் இருந்த இடத்திலேயே செருகினேன். முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு திரும்பினேன்.

“டீ குடிக்கிறியா அண்ணே?” என்றேன்.

ரொம்ப நேரம் என் முகத்தைப் பார்த்தான். அப்புறம் கை மெல்லக் கீழே இறங்கியது. கன்னத்தில் நாலு விரலும் சிவப்பாகப் பதிந்திருந்தன.

“சுமார்” என்றான், காதில் விழுந்தும் விழாமலும்.

டீயைத்தான் சொன்னான். நான் போடுகிற டீ அப்படித்தான் இருக்கும்.